தேற்றரவு

தமிழில் ‘தேறுதல்’ என்பது பொருள்வளம் மிக்கதொரு சொல். கலங்கிய நீர் தெளிதல் தேறுதல் எனப்படும். நோயுற்றார் நலம் பெறுதலும், அழுதார் ஆறுதல் அடைதலும், ஒருவரை ஆராய்ந்து நம்புதலும் அச்சொல்லாலேயே வழங்கும். திருவள்ளுவர் ‘தெரிந்துதெளிதல்’ என்னும் அதிகாரத்தில் நம்பிக்கை என்னும் பொருளிலேயே இதனைப் பலகால் ஆள்கின்றார். ஏகார இடைச்சொல்லின் பொருள்களைக் கூறவந்த தொல்காப்பியர் தேற்றத்தை முதற்கண் வைத்தார். ஆண்டுத் தேற்றமாவது ஐயமின்மை. பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் நம் தோழர்கள் இச்சொல்லை எப்பொருளில் வழங்குகின்றனர் என்பதை யாம் விரித்தல் மிகை.

ஆறுதலும் நம்பிக்கையும் ஒருவேரிற் கிளைத்த இரு கிளைகளாய் நிற்கும் மொழி நம்முடையது. கிறிஸ்தவ வேதத்தைத் தமிழிற் பயில்வார்க்கு இஃதொரு பெருந்துணை. யோவான் எழுதிய சுவிசேஷத்தில், தாம் பிரிந்து செல்லுமுன் சீடர்க்கு ஆண்டவர் வாக்களித்த பரிசுத்த ஆவியைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ‘தேற்றரவாளன்’ என்றனர். துயருற்றாரைத் தேற்றுபவர் என்பது பொருள். அத்தேற்றரவு எத்தன்மைத்து, அஃது எவ்வழியாய் மாந்தர்க்கு வந்தெய்துகிறது, அதனைப் பெற்றோர் பின்னர் யாது செய்தனர் என்பவற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீர் தெளிதலினின்றே தொடங்குவோம். தேற்றா என்னும் மரத்தின் கொட்டையைக் கலங்கல் நீருள்ள குடத்தின் உட்புறத்தே தேய்த்துவைப்பின், சிறிது நேரத்தில் நீர் தெளியும். அக்கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்றே பெயர். கலித்தொகையின் நெய்தற்பாட்டொன்று, காமநோயாற் கலங்கிய பெண்ணொருத்தி தலைவன் வரவால் தெளிவுற்றதை இவ்வுவமையாற் காட்டுகிறது. சங்கப் புலவர்க்கு உவமை கிடைத்த இடம் அடுக்களையில் வைத்த தண்ணீர்க்குடம் என்பதை நோக்குக.

இவ்வுவமையில் யாம் வியப்பது வேறொன்று. தேற்றாங்கொட்டை சேற்றை அழிப்பதில்லை. சேறு குடத்தின் அடியிற் போய்த் தங்குகின்றது. மேலே நிற்கும் நீர் பருகத்தகுவதாகின்றது. குடத்தை அசைப்பின் மீண்டும் கலங்கும். துயருற்றார்க்கு ஆறுதல் கூறப்புகுவோர் பலர் இதனை மறந்து, துயரே இல்லையென்று சாதிக்க முயல்கின்றனர். ‘எல்லாம் நன்மைக்கே’ என்பாரும், ‘உம்மினும் துன்புற்றார் உளர்’ என்பாரும் இவ்வகையினர். யோபின் நண்பர் மூவரும் வந்த முதல் ஏழு நாள் அவனோடு தரையிலமர்ந்து வாய்திறவாதிருந்தனர். அவர்கள் செய்த நற்செயல் அஃதொன்றே. எட்டாம் நாளில் வாய்திறந்து பேசினர், கெடுத்தனர்.

இனி, வேதம் காட்டும் தேற்றரவு ஒன்றை நோக்குவோம். இராஜாக்களின் முதலாம் புத்தகம் பத்தொன்பதாம் அதிகாரத்தில் எலியா தீர்க்கன் வனாந்தரத்தில் ஓடிவருகின்றான். அதற்குச் சற்று முன்னரே கர்மேல் மலையில் அவன் வேண்டுகோளுக்கிணங்க வானத்தினின்று அக்கினி இறங்கிற்று. மக்கள் முகங்குப்புற வீழ்ந்து பணிந்தனர். அத்துணைப் பெரிய நெருப்பைக் கண்டவன், யேசபேல் என்னும் அரசி அனுப்பிய மிரட்டற்செய்தி ஒன்றுக்கு அஞ்சி ஓடினான். பெயெர்செபாவில் வேலையாளை விட்டு நீங்கி, ஒருநாள் வழி தனியே நடந்து, சூரைச்செடி ஒன்றன்கீழ் அமர்ந்து, சாவை வேண்டி, உறங்கிப்போனான்.

அவ்விடத்தில் தேவதூதன் வந்து செய்தது யாது? அவன் எலியாவைக் கடிந்திலன். கர்மேலின் வெற்றியை நினைவூட்டிலன். விசுவாசத்தின் மேன்மையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லிலன். தட்டி எழுப்பி, உண்ணுமாறு கூறினான். தலைமாட்டில் தழலிற் சுட்ட அடை ஒன்றும், பாத்திரத்தில் நீரும் இருந்தன. எலியா உண்டான், பருகினான், மீண்டும் படுத்துக்கொண்டான். அதற்கும் தூதன் சினந்திலன். இரண்டாமுறை எழுப்பி, போகவேண்டிய வழி நெடிது என்று சொல்லி மறுபடியும் உண்பித்தான். அவ்வுணவின் வலியால் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையைச் சேர்ந்தான் என்பது வரலாறு.

மலைமேல் இறங்கிய வானத்து அக்கினி எலியாவைத் தேற்றிற்றிலது. சூரைச்செடியின்கீழ் எவரோ மூட்டிய சிறு தழல் தேற்றிற்று. அற்புதம் கண்டு திகைத்த நெஞ்சம் மறுநாளே தளரலாம். பசித்தவனுக்கு அடை, தாகமுற்றவனுக்குத் தண்ணீர், களைத்தவனுக்கு உறக்கம் என்னும் இவையோ நாள்தோறும் எவர் வீட்டிலும் உள்ளவை. கடவுள் தம் ஆறுதலை இவற்றின்மேல் ஏற்றி அனுப்புகின்றார் என்பதே இவ்வதிகாரத்தின் செய்தியென யாம் கொள்கின்றோம். அந்நாளில் அடை சுட்ட பெண்டிர் எவரும் தம் அடுப்புத் தழலைத் திருமறைப் பொருளென எண்ணியிரார்.

புதிய ஏற்பாட்டிலும் இத்தகையதொரு தழல் உண்டு. கரிநெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லொன்று புதிய ஏற்பாடு முழுமையிலும் இரண்டே இடங்களில், யோவானின் நூலில் மட்டுமே, வருகின்றது. பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில், குளிர்காய்ந்துகொண்டே பேதுரு தன் ஆண்டவரை அறியேன் என்று மறுத்தது ஒரு கரிநெருப்பின் அருகில். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கலிலேயாக் கடற்கரையில் மீனும் அப்பமும் வைத்து, இராமுழுதும் வலைவீசி ஒன்றும் பெறாது வந்தோரைக் காலையுணவுக்கு அழைத்தது மற்றொரு கரிநெருப்பின் அருகில். பேதுருவை அவர் வினவத் தொடங்கியது அனைவரும் உண்டு முடித்த பின்னரே. சோறிட்டுப் பின் பேசுதல் நம் நாட்டாரும் நன்கறிந்த முறையன்றோ?

தழலைப் பற்றிப் பேசுங்கால், நம் தமிழ்நாட்டில் தழலாலேயே வாழ்வும் தழலாலேயே துயரும் எய்திய நிலப்பகுதி ஒன்று நினைவிற்கு வாராதிராது. கடலூர் மாவட்டத்தில் வடலூர், நெய்வேலி, சேத்தியாத்தோப்பு ஆகிய ஊர்கள் அடுத்தடுத்துள்ளன. வடலூரில் 1867-ஆம் ஆண்டு இராமலிங்க அடிகளார் தருமச்சாலை நிறுவி மூட்டிய அடுப்பு, பசித்தோர்க்கு உணவு சமைத்து இன்றளவும் அணையாது எரிகின்றது. பயிரின் வாட்டத்தைத் தம் வாட்டமாகக் கொண்ட அப்பெரியார் நம் சமயத்தார் அல்லர்; எனினும் எலியாவின் தலைமாட்டில் வைக்கப்பெற்ற அடையின் பொருளை அவர் அடுப்பைக் கண்டார் எளிதில் உணர்வர்.

நெய்வேலியின் தழல் வேறு வகையினது. ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் 1930-களில் தம் நிலத்திற் கிணறு தோண்டுவித்தபோது கரிய பொருள் வெளிப்பட்டதென்பர். அது பழுப்பு நிலக்கரி என அறியப்பட்டது. 1956-இல் நிறுவனம் அமைந்தது. 1957 மே 20-ஆம் நாள் பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் கரிப்படலம் வெளிப்பட்டது. 1962-இல் அதனால் மின்சாரம் பிறந்தது. பழுப்பு நிலக்கரி முற்றிய கரியன்று. பல்லூழிக்கு முன் புதையுண்ட காடு கரியாகும் வழியில் பாதியில் நிற்கும் நிலை அது. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி நீரே. சில துண்டுகளில் மரத்தின் நார்வரி இன்னும் புலப்படும். இக்கரியை எலிவளை போற் குடைந்தெடுத்தல் இயலாது. மேலுள்ள மண்ணையும் மணலையும் களிமண்ணையும் முற்றும் அகற்றி, கீழிருந்து பொங்கும் ஊற்றுநீரை இடையறாது இறைத்து, திறந்த வெளியிலேயே வெட்டவேண்டும். ஆதலின் கரி வேண்டுமாயின் மேலுள்ள வயல் போகவேண்டும். வயலோடு ஊரும் போகவேண்டும். அறுபது ஆண்டுகட்கு மேலாக அப்பகுதியின் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாய் இவ்வாறு இடம்பெயர்ந்துள்ளன.

வளையமாதேவி அவ்வட்டாரத்தில் சேத்தியாத்தோப்பை அடுத்த ஊர், மேல் வளையமாதேவி, கீழ் வளையமாதேவி என இரு பிரிவினது, நெல் விளைவது. 2023-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள், பரவனாற்றை இரண்டாம் சுரங்கத்தினின்று விலக்கிப் புதுவழியில் திருப்புதற்கான கால்வாய் வெட்டும் பொருட்டு, மண்வாரி யந்திரங்கள் அவ்வூரின் வயல்களில் இறங்கின. வயலில் நெற்பயிர் பச்சையாய் நின்றது. பயிர் புரட்டப்படும் காட்சியை நாடு முழுதும் கண்டது. இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் நடந்த மறியல் கலவரமாய் முடிந்தது.

இருதிறத்தார் கூற்றையும் கூறாதுவிடுதல் முறையன்று. அந்நிலம் பல ஆண்டுகட்கு முன்னரே சட்டப்படி எடுக்கப்பெற்றதென்றும், பயிரிடாதிருக்க அறிவிக்கப்பட்டதென்றும், கால்வாய் இன்றேல் மழைக்காலத்தில் சுரங்கம் வெள்ளத்தில் அமிழுமென்றும் நிறுவனத்தார் கூறினர். பெற்ற விலை போதாதென்றும், குடும்பத்தில் ஒருவர்க்கேனும் நிலையான வேலை வேண்டுமென்றும் உழவர் கூறினர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்திற்குச் சென்றது. அறுவடைக்கு இரண்டு மாதம் பொறுத்திருத்தல் ஆகாதோ என்று நீதிபதி வினவினார். பயிரழிவைக் கண்டு தாம் கண்ணீருற்றதாகவும் அவையில் கூறினார். அழிந்த பயிருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 40,000 ரூபாய் வழங்குமாறு 2023 ஆகஸ்டில் நீதிமன்றம் பணித்தது.

எடுத்த நிலத்தின் உரிமையைப் பற்றி வழக்கறிஞர் வாதிக்க இடமுண்டு. ஆயினும் வளர்ந்த பயிரைத் தன் கண்முன்னர்ப் புரட்டக் கண்டவனுக்கு, பத்திரத்தில் எவர் பெயர் உளது என்பது ஆறுதலாகாது. நாற்றுவிட்ட நாள் முதல் நீர் கட்டிக் களை பறித்தவன் அவன். அவனுக்குத் தேற்றரவு யாது? அவன் கிறிஸ்தவனாயினும் அன்றாயினும், அவன் அயலில் வாழும் கிறிஸ்தவர் அவனிடம் சென்று யாது சொல்லற்பாலர்?

ஈண்டு எலியாவின் வரலாற்றை மீண்டும் விரித்துப் படித்தல் வேண்டும். தழலிற் சுட்ட அடையை உண்டது பத்தொன்பதாம் அதிகாரத்தில். இருபத்தோராம் அதிகாரத்தில் அதே எலியாவைக் கர்த்தர் வேறோர் இடத்திற்கு அனுப்புகின்றார். யெஸ்ரயேல் என்னும் ஊரில் ஆகாப் அரசனின் அரண்மனையை அடுத்து நாபோத் என்பவனுக்குத் திராட்சத்தோட்டம் ஒன்று இருந்தது. அதனைக் கீரைக்கொல்லையாக்க விரும்பிய அரசன், அதனினும் நல்ல தோட்டம் தருவதாகவும், வேண்டின் பணமாகவே விலை தருவதாகவும் சொன்னான். கொடை தாழ்ந்ததன்று. ஆயினும் முன்னோர் விட்டுச்சென்ற சுதந்தரத்தைக் கொடேன் என்று நாபோத் மறுத்தான். அரசன் உண்ணாது முகந்திருப்பிக் கட்டிலிற் கிடந்தான். அரசி பொய்ச்சாட்சிகளை ஏவி நாபோத்தைக் கல்லெறிந்து கொல்வித்தாள். தோட்டத்தைத் தனதாக்கிக்கொள்ள ஆகாப் இறங்கிவந்தபோது, அங்கே எலியா நின்றான்.

இவ்விரு அதிகாரங்களையும் நம் பிரசங்கிகள் தனித்தனியே எடுத்துப் பேசுவர். முன்னதைச் சோர்வுற்றார்க்கும் பின்னதைப் பேராசை கொண்டார்க்கும் உரியதெனப் பகுத்துவிடுவர். அவ்வாறு பகுத்தல் பொருந்தாதென்பது எம் கருத்து. தூதன் சொன்ன நெடுவழியில் நாபோத்தின் தோட்டமும் இருந்தது. யேசபேலுக்கு அஞ்சி ஓடியவனை உண்பித்து உறங்கச்செய்த கடவுளே, அவனைத் திருப்பி அதே யேசபேலின் கணவன் முன்னர் நிறுத்தினார்.

வளையமாதேவியை யெஸ்ரயேலோடு முற்றும் ஒப்பிடுதல் நேர்மையாகாது. இங்கே பொய்ச்சாட்சி இல்லை, கொலை இல்லை, நிலம் கேட்டவர் தம் கீரைக்காக அன்றிப் பல மாநிலங்களின் விளக்குக்காகக் கேட்டனர். அவ்விளக்குகளுள் எம் விடுதியின் விளக்கும் ஒன்று. நாபோத்தின் கதையை யாம் இரவில் படிக்கும்போது ஏட்டின்மேல் விழும் வெளிச்சத்தில் நெய்வேலிக் கரியும் எரிந்திருத்தல் கூடும். ஆகாபைக் கடிந்து பேசுதல் எமக்கு எளிது. அவன் தோட்டத்துக் கீரையை நாள்தோறும் உண்டுகொண்டே பேசுகின்றோம் என்பதை உணர்ந்து பேசுதல் அத்துணை எளிதன்று. இவ்விடர்ப்பாட்டிற்கு விடை காணுமளவு யாம் கற்றோமல்லேம். ஆயினும், நல்ல விலை தரப்பட்டது என்னும் ஒன்றனாலேயே வினா முடிந்துவிடாதென்பதை அவ்வதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களே காட்டுகின்றன. கொலை நிகழுமுன்னரே, விலை பேசும்போதே, அங்கே ஏதோ ஒன்று கோணிவிட்டது.

இனித் ‘தேற்றரவாளன்’ என்னும் சொல்லுக்கு மீள்வோம். அதன் மூலமாகிய கிரேக்கச் சொல் ‘பராக்லேத்தொஸ்’ என்பது. அருகில் வருமாறு அழைக்கப்பெற்றவர் என்பது அதன் சொற்பொருள். யோவானின் சுவிசேஷத்தில் நான்கிடத்தும், அவர்தம் முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஓரிடத்தும் அது வருகின்றது. சுவிசேஷத்தில் அதனைத் ‘தேற்றரவாளன்’ என்று பெயர்த்த தமிழறிஞர், நிருபத்தில் அதே சொல்லைப் பரிந்து பேசுபவர் என்னும் பொருள்படப் பெயர்த்தனர். அங்கே அது கிறிஸ்துவைக் குறிக்கின்றது. நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவன் அருகில் நின்று அவனுக்காகப் பேசுபவர் என்பது கருத்து. இடத்திற்கேற்ற பெயர்ப்பு, குறைகூற இடமில்லை. ஆனால் தமிழில் மட்டும் படிப்பார் இரண்டும் ஒரே சொல் என்பதை அறியாதொழிகின்றனர். கண்ணீர் துடைப்பவர் ஒருவர், வழக்குரைப்பவர் வேறொருவர் என்று எண்ணிவிடுகின்றனர். மூலத்தில் அவ்விருவினையும் ஒரு பெயரில் அடங்கின. அழுவார் அருகில் அமர்தலும் அவர்பொருட்டு எழுந்து பேசுதலும் ஒரே உதவியின் இரு நிலைகள்.

இதனை மனத்திற்கொண்டு ஆபகூக் தீர்க்கனின் சிறுநூலைப் படிப்பார்க்கு அதன் அமைப்பு விளங்கும். மூன்றாம் அதிகாரத்தின் இறுதி நம் சபைகளில் மிகவும் எடுத்தாளப்படுவது. அத்தி துளிர்க்கவில்லை, திராட்சை பழுக்கவில்லை, ஒலிவம் பொய்த்தது, வயல் விளையவில்லை, கிடையில் ஆடில்லை, தொழுவத்தில் மாடில்லை என்று ஓர் உழவன் வீட்டுக் கணக்கை எழுதுமாப்போலே ஒவ்வொன்றாய் எண்ணி, அத்தனையும் இழந்தும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கின்றான் தீர்க்கன். துன்பம் வந்துழி நகுமாறு பணித்த வள்ளுவரை இவ்விடம் நினைவூட்டும். ஆயினும் அவ்வதிகாரத்தை மட்டும் தனியே பறித்தெடுத்து, பயிரிழந்தவனிடம் சென்று ‘நீயும் மகிழ்வாயாக’ என்று சொல்லுதல் பெருங்கொடுமை. நூலின் தொடக்கத்தில் அதே தீர்க்கன் எதுவரைக்கும் என்று கேட்டுக் கூப்பிடுகின்றான். கொடுமையைக் கண்டும் கடவுள் வாளாவிருப்பதேன் என்று வழக்காடுகின்றான். விடைபெறுமளவும் காவலரணில் நின்று அசையேன் என்கின்றான். இரண்டு அதிகாரம் வழக்காடியவன் வாயிலிருந்தே மூன்றாவதன் பாட்டு எழுந்தது. கணக்கில் இழப்பு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதியவனுக்கே அம்மகிழ்ச்சியைக் கூறும் உரிமை உண்டு.

நம் சபைகளில் ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகை நிகழ்கின்றது. நெற்கதிர், வாழைத்தார், பூசணி, கோழி, முட்டை எனக் கிடைத்தவற்றைக் கொணர்ந்து பீடத்தின் முன் வைத்து நன்றி செலுத்துவர். பின்னர் ஏலமிட்டு, அப்பணத்தை ஊழியத்திற்கு உரியதாக்குவர். எளிய பண்டிகை, யாம் பெரிதும் விரும்புவது. அறுவடை இல்லாது போனவர் அன்று எதனைக் கொணர்வர்? வெறுங்கையுடன் வருதற்கு நாணி வாராதிருப்பர் என்பதே பெரும்பாலும் நிகழ்வது. ஆபகூக்கைப் பின்பற்றுவதாயின், அப்பண்டிகையில் விளைந்தவற்றைப் படைத்த பின்னர், அவ்வாண்டு விளையாதவற்றின் பெயரையும் உரக்க வாசித்தல் தகும். வெள்ளம் கொண்டது இத்தனை காணி, புயலிற் சாய்ந்தது இத்தனை வாழை, கால்வாய்க்குப் போன வயல் இன்னது என்று ஊர்ப்பெயருடன் சொல்லி வேண்டிக்கொள்ளுதலுக்கு எந்தச் சபைச் சட்டமும் தடையன்று. அதன்பின் அனைவரும் ஒருங்கே உண்ணும் பந்தியில் வெறுங்கையாளரும் நாணமின்றி இலைமுன் அமர்வர்.

நாபோத்தின் தோட்டத்தைப் பற்றி வேதம் பின்னும் ஒருமுறை பேசுகின்றது. ஆகாப் போரில் மாண்டான். அவன் மக்கள் இருவர் ஒருவர்பின் ஒருவராய் அரசாண்டனர். ஆண்டுகள் பத்துக்கு மேல் உருண்டன. அந்நிலம் அத்துணைக் காலமும் அரசகுடும்பத்தின் கையில் இருந்ததென்றே கொள்ளவேண்டும், கீரையும் விளைந்திருக்கும். ஒருநாள் யெகூ என்பவன் தேரேறி வர, அரசன் யோராம் எதிர்கொண்டு புறப்பட்டான். இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் ஒன்பதாம் அதிகாரம் அவர்கள் சந்தித்த இடத்தைக் குறிக்கும்போது அரசனின் கொல்லை என்றோ அரண்மனைப் புறம் என்றோ கூறவில்லை. நாபோத்தின் நிலம் என்றே எழுதியிருக்கின்றது.